உயர் லெவல் சாகசம் நடுவில் உடைகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேஜை ஆட்டத்தில் இரண்டு வருடம் நன்றாக ஓடிய கேம்பெய்ன் (ஒரே கேரக்டர்களோடு தொடர்ந்து வரும் கதை) பதிமூன்றாம் லெவலைத் தொட்டதும் தடுமாற ஆரம்பிக்கும். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய சாகசம் அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும். வில்லன் வாயைத் திறப்பதற்குள் செத்து விழுவான். ஆடுகிறவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள், ஆனால் நாற்காலியில் சாய்ந்த முதுகை யாரும் நிமிர்த்த மாட்டார்கள். கடைசியில் டிஎம் (கதையை நடத்துகிறவர்), "புதுக் கேரக்டர் போட்டு முதலிலிருந்து தொடங்கலாமா?" என்று கேட்பார். எத்தனையோ கேம்பெய்ன்கள் இந்த இடத்தில் கைவிடப்படுகின்றன. எனக்கு அது ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. இந்த ஆட்டத்தின் மிகச் செழிப்பான பகுதி இங்கேதான் திறக்கிறது.

கீழே உங்கள் மேஜையில் தெரியும் அறிகுறியைத் தேடி, அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். எண்கள் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளிலிருந்து எடுத்தவை. வேறு விதிகளில் ஆடினால் எண் மாறும், கோளாறு பெரும்பாலும் இதேதான்.

## எதைச் சரிசெய்வதற்கும் முன்னால்: இருப்புக் கணக்கு

எல்லோருடைய கேரக்டர் ஷீட்டையும் வாங்கி, ஒரே தாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இவர்கள் எப்படிப் பயணம் செய்வார்கள்? தெரியாததை எப்படித் தெரிந்துகொள்வார்கள்? எங்கே ஓய்வெடுப்பார்கள்? செத்தால் எப்படித் திரும்பி வருவார்கள்? ஓர் எதிரியை ஒரே அடியில் எப்படிச் செயலிழக்க வைப்பார்கள்?

ஐந்தாம் லெவலில் பறக்க வைக்கும் ஃப்ளை ஸ்பெல் (மந்திரம்) வருகிறது, பள்ளமும் மதிலும் போச்சு. ஒன்பதில் தூரத்து ஆளை ஒளிந்து பார்க்கும் ஸ்க்ரையிங், செத்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட், வேறு இடத்துக்கு வாசல் திறக்கும் டெலிபோர்ட்டேஷன் சர்க்கிள். பதினொன்றில் விண்ட் வாக், பத்துப் பேர் வரை மேகமாக மாறி ஒரு ரவுண்டுக்கு (எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கும் சுற்றுக்கு) 300 அடி பறக்கலாம். பதிமூன்றில் நொடியில் வேறு இடம் சேர்க்கும் டெலிபோர்ட், வேறு உலகத்துக்கே கொண்டுபோகும் பிளேன் ஷிஃப்ட். பதினேழில் கேட்டதைத் தரும் விஷ். சாகசங்கள் உடைவது பெரும்பாலும் இந்தப் படிகளில்தான்.

காரணம் ஒன்றே. ஆரம்ப லெவல் சாகசம் மூன்று கேள்விகளை நம்பி நிற்கிறது: போய்ச்சேர முடியுமா, கண்டுபிடிக்க முடியுமா, ஜெயிக்க முடியுமா. பதிமூன்றாம் லெவலில் மூன்றுக்கும் பதில் "முடியும்". பதில் தெரிந்த கேள்வியை வைத்து மூன்று மணி நேரம் ஓட்ட முடியாது. இனி கேட்க வேண்டியவை வேறு: எதை முதலில் செய்வீர்கள், எதை விட்டுக்கொடுப்பீர்கள், அதன் விலையை யார் கொடுப்பார்கள். கீழே வரும் எல்லாத் திருத்தமும் இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் வருகிறது.

## "மூன்று வாரப் பயணம் எழுதினேன், மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது"

இதில் நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பனிமலைக் கணவாய் ஒன்றை நான்கு இரவு எழுதினேன். பனிச்சரிவு, ஃப்ராஸ்ட் ஜயன்ட்கள், பாதி உடைந்த பாலம், அதைக் காவல் காக்கும் ஒரு கிழவி. விசார்ட் (மந்திரவாதி) கேரக்டரை ஆடிய பெண் அந்தச் செஷனில்தான் (அன்றைய ஆட்டத்தில்தான்) பதிமூன்றாம் லெவலுக்கு வந்திருந்தாள். "நாங்கள் டெலிபோர்ட் பண்ணிக்கொள்கிறோம்" என்றாள். நான் யோசிக்காமல், "மலையைச் சுற்றிப் பழங்கால மந்திரம் இருக்கிறது, டெலிபோர்ட் வேலை செய்யாது" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த ஸ்பெல் கார்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பன்னிரண்டு லெவல் காத்திருந்து வாங்கியதை முதல் தடவையிலேயே பிடுங்கிவிட்டேன் என்பது எனக்கு அன்றிரவுதான் உறைத்தது.

ஆகவே முதல் பரிசோதனை இது. உங்கள் சாகசத்திலிருந்து பயணத்தை முழுக்க வெட்டி எடுங்கள். மீதி ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் கோளாறு ஸ்பெல்லில் இல்லை. தூரம் ஒன்றைத் தவிர வேறு தடையை நீங்கள் வைக்கவில்லை.

அடுத்தது, ஸ்பெல்லின் விதியை முழுக்கப் படியுங்கள். பலரும் "டெலிபோர்ட் என்றால் நினைத்த இடத்துக்குப் போய்விடலாம்" என்றே ஆடுகிறார்கள். நன்றாகப் பழகிய இடமென்றால் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் யாரோ வர்ணித்துக் கேட்ட இடமென்றால் நூறில் 27 தடவைதான் சரியாகப் போய்ச்சேரும். 43 தடவை மிஸ்ஹாப், அதாவது விபத்து: கூட வருகிற எல்லோருக்கும் 3டி10 (பத்துப் பக்கப் பகடை மூன்றின் கூட்டுத்தொகை) சேதம், மறுபடி அதே அட்டவணையில் உருட்ட வேண்டும். அந்த இடத்துப் பொருள் ஒன்று கையில் இருந்தால், அதுவும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருந்தால், தவறாது. இங்கேயே ஒரு சாகசம் கிடைத்துவிடுகிறது. கோட்டைக்குள்ளிருந்து ஒரு கல், ஒரு திரைச்சீலைத் துண்டு, ஒரு சாவி வெளியே வர வேண்டும். அதை யார் கொண்டுவருவார்கள்?

மூன்றாவதாக, டெலிபோர்ட்டால் சுமக்க முடியாததைச் சுமக்க வையுங்கள். ஸ்பெல் போடுகிறவரும் கூட எட்டுப் பேரும்தான் போகலாம். பொருளென்றால் பத்தடிக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். எரிகிற நகரத்திலிருந்து முந்நூறு பேரை வெளியேற்ற வேண்டுமென்றால் இந்த ஸ்பெல் வீணாகிவிடாது, கடினமான தேர்வாக மாறும்: முதலில் அழைத்துப்போகும் எட்டுப் பேர் யார்? குழந்தைகளா, காயம்பட்ட காவலர்களா, வில்லனின் பெயர் தெரிந்த ஒரே சாட்சியா? இந்தக் கேள்வியை என் மேஜையில் வைத்த அன்று யாரும் பகடையைத் தொடவில்லை. நாற்பது நிமிடம் பேசினார்கள், ஒருத்தர் குரல் உடைந்தது. மந்திரத்தைத் தடுத்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது.

தடுக்கவே கூடாதா? தடுக்கலாம், அளவோடு. ஃபார்பிடன்ஸ் என்ற ஸ்பெல் 40,000 சதுர அடி பரப்புக்குள் டெலிபோர்ட்டை மறுக்கிறது. பக்கத்துக்கு 200 அடி என்றால் ஒரு நல்ல கோவிலோ மாளிகையோ அடங்கிவிடும். ஒரு நாள்தான் நிற்கும், ஆனால் ஒரே இடத்தில் முப்பது நாள் தொடர்ந்து போட்டால் யாராவது கலைக்கும்வரை நிலைத்துவிடும். பிரைவேட் சாங்க்டம் என்ற இன்னொரு ஸ்பெல் பக்கத்துக்கு 100 அடி வரை காக்கும், நிலைத்து நிற்க ஒரு வருடம் தினமும் போட வேண்டும். கவனியுங்கள், இரண்டுக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். முப்பது நாள் அந்தக் கோட்டைக்கு வந்துபோன கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி) யார்? அவரைக் கண்டுபிடிக்கலாம், மிரட்டலாம், மனதை மாற்றலாம். "இங்கே மந்திரம் வேலை செய்யாது" என்பது சுவர். "இங்கே ஒருவர் மந்திரம் போட்டிருக்கிறார்" என்பது கதவு.

## "கொலை மர்மம் ஒரே ஸ்பெல்லில் அவிழ்ந்துவிட்டது"

ஸ்பீக் வித் டெட் ஸ்பெல் பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்க விடுகிறது. கம்யூன் தெய்வத்திடம் மூன்று ஆம்-இல்லைக் கேள்வி. பொய் பேச விடாத ஸோன் ஆஃப் ட்ரூத் இரண்டாம் நிலை ஸ்பெல்தான், அதற்கே பாதிச் சதிகள் தாங்காது.

டிஎம்கள் வழக்கமாகச் செய்வது, பிணத்தின் நாக்கை அறுப்பது. ஒருமுறை செய்தால் கொலையாளி புத்திசாலி என்று படும். மூன்றாவது முறையும் பிணத்துக்குத் தாடை இல்லையென்றால் ஆடுகிறவர்களுக்குப் புரிந்துவிடும், டிஎம் பயப்படுகிறார் என்று.

பதிலைக் கொடுத்துவிடுங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே கொடுங்கள். ஆனால் அந்தப் பதில் கையில் வாங்கியதும் சுடுகிறதாக இருக்கட்டும். செத்துக் கிடக்கும் அரசனிடம் "உங்களைக் கொன்றது யார்?" என்று கேட்கிறார்கள். "என் மகள். நான்தான் சொன்னேன்" என்கிறது பிணம். இப்போது யார் செய்தது என்பது தெரியும், எதற்கு என்பது தெரியாது. மகளைக் காட்டிக்கொடுத்தால் நாடு இரண்டாகும், மறைத்தால் ஒரு நிரபராதி தூக்கில் தொங்குவான். மீதிக் கேள்விகள் நான்கு. உயர் லெவல் மர்மம் "யார்" என்பதில் தொடங்கி "இனி என்ன செய்வது" என்பதில் போய் நிற்க வேண்டும்.

வில்லனும் இதே உலகத்தில் பிறந்தவன் என்பதை மறக்காதீர்கள். ஸ்க்ரையிங் என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியும். அதிலிருந்து மறைக்கும் நான்டிடெக்ஷன் எட்டு மணி நேரம் நிற்கும், ஒவ்வொரு தடவையும் 25 தங்கக் காசு மதிப்புள்ள வைரப்பொடி கரையும். இருபத்துநாலு மணி நேரமும் மறைந்திருக்க ஒரு நாளைக்கு 75 காசு வைரம். ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள், 27,000 காசுக்கு மேல். அத்தனை வைரத்தை ஒருவர் வாங்கினால் வியாபாரிகளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஸ்க்ரையிங் தோற்றுப்போனதே முதல் தடயம், வைரப்பொடி விற்கிறவர் இரண்டாவது. மறைந்துகொள்ளும் மந்திரமும் ஒரு தடத்தை விட்டுத்தான் போகிறது. இந்த வழியில் எழுதினால் ஆடுகிறவரின் ஸ்பெல் தோற்றாலும் அவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

## "பாஸ் முதல் ரவுண்டிலேயே செத்துவிட்டது"

அதிகம் கேட்கப்படுகிற புகார் இது. அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுவே.

முதலில் எண்ணைப் பாருங்கள். செத்தும் மந்திரத்தால் வாழும் மந்திரவாதியான லிச்சின் சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் பலம்) 21, ஹிட் பாயிண்ட் (உயிர்ப்பலம்) 135, ஆர்மர் கிளாஸ் (அதன்மேல் அடி படத் தேவையான எண்) 17. எதிரே பதினேழாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்) இன்னொரு முறை தாக்க விடும் ஆக்ஷன் சர்ஜோடு ஆறு அடி அடிக்கிறார், ரோக்கின் (ஒளிந்து தாக்குபவரின்) ஸ்நீக் அட்டாக் மட்டும் 9டி6. மீதி இரண்டு பேர் கைகட்டி நின்றாலும் அந்த 135 வெகுநேரம் தாங்காது. லிச் கெட்டிக்கார எதிரி, தடித்த எதிரி கிடையாது. அதை முப்பதடி தூரத்தில் நிறுத்தி இனிஷியேட்டிவ் (யார் முதலில் ஆடுவது என்ற வரிசை) உருட்டச் சொன்னால் தப்பு உங்களுடையது.

ஹிட் பாயிண்டை இரட்டிப்பாக்குவதுதான் கைக்கு முதலில் வரும் மருந்து. அதைச் செய்தால் சண்டை இரண்டு மடங்கு நீளும், இரண்டு மடங்கு சுவாரஸ்யமாக ஆகாது. லெஜண்டரி ரெசிஸ்டன்ஸும் பாதி மருந்துதான். லிச் ஒரு நாளைக்கு மூன்று முறை, தோற்ற சேவ்வை (தப்பிக்க உருட்டும் பகடையை) வென்றதாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கூண்டில் அடைக்கும் ஃபோர்ஸ்கேஜ் போன்ற ஸ்பெல்லில் மாட்டிக்கொள்வதைத் தடுக்க சேவே கிடையாது. இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு 2019இல் இதற்கு வேறு வழி பிடித்தது. ஒரே அடியில் ஆளை முடக்கும் ஸ்பெல்களுக்கு ஓர் அடையாளம் கொடுத்து, ஸ்பெல்லின் நிலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் லெவல் உள்ள எதிரிமீது அவற்றின் விளைவை ஒரு படி குறைத்துவிடுகிறது. நல்ல யோசனை. உங்கள் மேஜைக்கு எடுத்துக்கொள்வதானால் செஷனுக்கு முன்பே சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான திருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. சண்டையின் குறிக்கோளை ஹிட் பாயிண்டிலிருந்து பிரித்து வையுங்கள். நான் ஓட்டிய ஒரு சண்டையை அப்படியே சொல்கிறேன்.

கோபுர உச்சியில் லிச். மூன்று வெண்கல மணிகள், ஒன்றுக்கொன்று நூறடி இடைவெளி, நடுவில் வெறும் கல்பாலங்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் இனிஷியேட்டிவ் 20இல் ஒரு மணி ஒலிக்கும். ஒலிக்கும்போது கீழே நகரத்தில் ஒரு தெருவின் விளக்குகள் அணையும், அந்தத் தெருவில் இருக்கிற எல்லோரும் விழுவார்கள். ஒரு மணியை நிறுத்த ஒருவர் அதன் அருகில் நின்று தன் ஆக்ஷனைச் செலவிட வேண்டும், ஒவ்வொரு ரவுண்டும். நகரத்தின் வரைபடத்தை மேஜையின் நடுவில் விரித்து, எந்தத் தெருவில் அவர்களுக்குத் தெரிந்த யார் இருக்கிறார் என்று முன்பே எழுதிவைத்திருந்தேன். முதல் மணி ஒலித்ததும் ஒரு தெருமேல் கறுப்புத் துணியை வைத்தேன்.

லிச்சின் ஹிட் பாயிண்ட் 135தான், ஒன்றுகூட ஏற்றவில்லை. ஆனால் ஃபைட்டர் மணிக்கு ஓடினார், கிளெரிக் இன்னொன்றுக்கு. லிச்சைத் தாக்க மீதி இருந்தது இரண்டு பேர். அது அறுபதடிக்கு அப்பாலேயே நின்றது, ஸ்பெல்லை முறியடிக்கும் கவுன்டர்ஸ்பெல் எட்டுவது அறுபதடிதான். நான்காம் ரவுண்டில் செத்தது. அதற்குள் இரண்டு தெரு போயிருந்தது. ஜெயித்தார்கள், அந்தத் துணிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஒன்று: பாஸ் முதல் ரவுண்டில் செத்தால் சாகவிடுங்கள். இருபது செஷனாகச் சேர்த்த கோபத்தை ஒரே மூச்சில் கொட்டித் தீர்ப்பது அவர்களுக்கு உரிய பரிசு. லிச்சின் உயிர்ப்பேழை பத்திரமாக இருந்தால் 1டி10 நாளில் அதன் அருகிலேயே புது உடல் எழும். நீங்கள் செய்ய வேண்டியது அந்தப் பகடையை எல்லோர் கண் முன்னாலும் உருட்டி அப்படியே வைத்துவிடுவது. 3 விழுந்தால் அவர்களுக்கு மூன்று நாள்.

ஒவ்வொரு மிருகத்துக்கும் இன்னொரு கேள்வி கேளுங்கள்: நூறடி உயரத்தில் பறக்கிற ஆளை இது எப்படித் தொடும்? டாரஸ்க் என்ற ராட்சத மிருகத்துக்கு 676 ஹிட் பாயிண்ட், சேலஞ்ச் ரேட்டிங் 30. அதற்குப் பறக்கவும் தெரியாது, தூரத்திலிருந்து தாக்கவும் தெரியாது. உயரத்தில் இருந்துகொண்டு ஆசிட் தெளித்தே அதைத் தேய்த்துவிடலாம் என்பது பழைய கண்டுபிடிப்பு. ஆகவே அதை வெட்டவெளியில் விடாதீர்கள். மக்கள் நிறைந்த நகரத்தின் நடுவில் விடுங்கள், பறந்துகொண்டே சுடுகிற ஒவ்வொரு நிமிடமும் கீழே கட்டடங்கள் சரியட்டும்.

## "ஒருவர் எதிலும் தோற்பதில்லை, இன்னொருவர் எதிலும் ஜெயிப்பதில்லை"

பதினொன்றாம் லெவல் ரோக்குக்கு ரிலையபிள் டேலன்ட் வந்துவிடும். பகடையில் 9 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் 10 என்று கணக்கு. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 20, ஸ்டெல்த்தில் (ஒளிந்து நடப்பதில்) எக்ஸ்பர்டீஸ் (சிறப்புத் தேர்ச்சி) என்றால் 10+5+8, குறைந்தது 23. காவலர்களைத் தாண்ட 18 வேண்டும் என்று எழுதி வைத்திருந்தால் அதை அடித்துவிடுங்கள், உருட்டவும் சொல்லாதீர்கள். "நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், காவலர்கள் பேசிக்கொள்வது கேட்கிறது" என்று தொடங்குங்கள். அவர் சம்பாதித்தது அது.

மறுபக்கம் இன்னும் மோசம். ஏன்ஷன்ட் ரெட் டிராகன் நெருப்பைக் கக்கினால் சேவ் 24, சேதம் 26டி6, சராசரி 91. டெக்ஸ்டெரிட்டி 10 உள்ள ஃபைட்டர் 20 உருட்டினாலும் தோல்வி, ஏனென்றால் இந்தப் பதிப்பில் சேவுக்கு 20 விழுந்தால் தானாக வெற்றி கிடையாது. உருட்டுவதில் அர்த்தமே இல்லை என்று தெரிந்தபின் யாருக்கு உற்சாகம் வரும்?

இதற்கு மருந்து விதியிலேயே இருக்கிறது, பலர் எடுப்பதில்லை. முக்கால் மறைவு டெக்ஸ்டெரிட்டி சேவுக்கு 5 கூட்டும். பக்கத்தில் கரிஸ்மா (ஆளுமை) 20 உள்ள பாலடின் (புனித வீரர்) நின்றால் இன்னொரு 5. இரண்டும் சேர்ந்தால் தேவை 24இலிருந்து 14 ஆகிறது. எனவே டிராகன் குகையைத் தூண்கள், சரிந்த பாறைகள், உடைந்த தேர்கள் எல்லாம் கிடக்கும் இடமாக வரையுங்கள். டிராகன் மூச்சை இழுத்து நெஞ்சு விரிவதை ஒரு ரவுண்டு முன்பே வர்ணியுங்கள். ஃபைட்டர் எங்கே நிற்பது என்று யோசிக்க ஆரம்பிப்பார்.

ஆளை முழுச் சண்டைக்கும் கல்லாக உட்கார வைக்கும் விளைவுகளை முடிந்தவரை தவிர்க்கிறேன். உயர் லெவலில் ஒரு ரவுண்டே நீளம். பாரலைஸ் ஆனவர் முக்கால் மணி நேரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

## "முதல் சண்டையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தூங்கப் போகிறார்கள்"

விதிப்புத்தகம் ஒரு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு சண்டை என்ற கணக்கில் எழுதப்பட்டது. உங்கள் சாகசத்தில் ஒரு நாளைக்கு ஒரே சண்டையென்றால், பெரிய ஸ்பெல்லைச் சேமித்து வைக்க அவர்களுக்கு என்ன காரணம்? பதிமூன்றில் மேக்னிஃபிசென்ட் மேன்ஷனும் வந்துவிடுகிறது, 24 மணி நேரத்துக்குத் தனி மாளிகை. கதவை மூடினால் வெளியே யாருக்கும் கண்ணுக்குத் தெரியாது. தூக்கத்தைக் கலைத்துத் தடுக்க நினைத்தால் தோற்பீர்கள்.

தூங்கட்டும். உலகம் தூங்கக் கூடாது. நான் நான்கு கார்டுகளில் வில்லனின் அடுத்த நான்கு அடிகளை எழுதி, மேஜைமேல் எல்லோருக்கும் தெரியும்படி வரிசையாக வைத்துவிடுவேன். வடக்குக் கோட்டை சரணடைகிறது. ஆற்றில் நஞ்சு கலக்கிறது. அரசி உடன்படிக்கையில் கையெழுத்திடுகிறாள். வாசல் திறக்கிறது. ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டுக்கும் (ஸ்பெல்களை மீட்டுத் தரும் முழுத் தூக்கத்துக்கும்) ஒரு கார்டு கவிழும். மறைத்து வைத்தால் இது டிஎம் கொடுக்கும் தண்டனை, திறந்து வைத்தால் அவர்களே எடுக்கும் முடிவு. "தூங்கினால் கோட்டை போகும், தூங்காவிட்டால் கிளெரிக்கிடம் ஒரே ஒரு ஹீல்தான் மீதி" என்று அவர்களே வாய்விட்டுப் பேசுவதைக் கேட்டால் சாகசம் குணமாகிவிட்டது என்று அர்த்தம்.

## "ஒரு ரவுண்டுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது"

சுருக்கமாகச் சொல்கிறேன். மிருகங்களின் சேதத்தை உருட்டாதீர்கள், புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சராசரியை எடுங்கள். எதிரி வகை இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒருவர் ஆடும்போதே "அடுத்தது நீங்கள்" என்று அடுத்தவரைத் தயார்படுத்துங்கள். முடிவு தெரிந்துவிட்ட சண்டையை அங்கேயே நிறுத்தி, மீதியைக் கதையாகச் சொல்லிவிடுங்கள்.

## "சாவுக்கு யாரும் பயப்படுவதில்லை"

செத்தவரை எழுப்ப ரெய்ஸ் டெட்டுக்கு 500 காசு வைரம், பத்து நாள் அவகாசம். ரெசரக்ஷனுக்கு 1,000, நூறு வருடம். ட்ரூ ரெசரக்ஷனுக்கு 25,000, இருநூறு வருடம். வைரங்களை உலகத்திலிருந்தே ஒழித்துவிடலாம் என்று சில டிஎம்கள் கிளம்புவார்கள். அது கிளெரிக்கின் கையைக் கட்டிப்போடுவதுதான்.

சாவு இனி அவர்களுக்கு அச்சம் தராது, சரி. அவர்களுக்கு வேறு எது வலிக்கும்? மூன்றாம் லெவலில் காப்பாற்றிய பையன் இப்போது படைத்தலைவன். வாரிசாக வளர்க்கும் மாணவி. கொடுத்த வாக்கு. "உலகம் அழியப் போகிறது" என்பது காதில் விழுந்து போய்விடும், ஏனென்றால் உலகம் அழிந்தால் ஆட்டமே இல்லை, டிஎம் அதை விடமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஊர் அழியலாம், அது நிஜமாகவே நடக்கலாம். அதனால்தான் ஊர் உலகத்தைவிடப் பெரிய பணயம். இன்னொன்று, திரும்பி வர ஆன்மா சம்மதிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. வர மறுக்கிற ஒரு நண்பனைப் பற்றி ஒரு முழுச் செஷன் ஓட்டலாம்.

## "இவர்களுக்கு இனி என்ன வேண்டும் என்றே தெரியவில்லை"

தங்கம் குவிந்து கிடக்கிறது, வாங்க எதுவுமில்லை. ஊர்க் காவலர்களையும் இவர்களுக்கு ஈடாகப் பதினைந்தாம் லெவலுக்கு ஏற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் வளர்ந்ததற்கே அர்த்தம் போய்விடும். முதல் லெவலில் துரத்தியடித்த ஆர்க் (முரட்டு அரக்க இனம்) கூட்டத்தை மறுபடி கொண்டுவாருங்கள், இந்தத் தடவை அவர்கள் இவர்களைப் பார்த்து ஆயுதங்களைக் கீழே போட்டு அடைக்கலம் கேட்கட்டும்.

பழைய விதிகளுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. 1974இல் வந்த முதல் பதிப்பிலேயே உயர்ந்த லெவல் கேரக்டர்கள் கோட்டை கட்டுவதும் ஆட்கள் வந்து சேர்வதும் உண்டு. 1984இல் வந்த கம்பேனியன் தொகுதி 15 முதல் 25 வரையான லெவல்களுக்கு எழுதப்பட்டது. நாட்டை ஆள்வதற்கும் படைகள் மோதுவதற்கும் அதில் தனி விதிகள் இருந்தன. பலம் சேர்ந்தவரைத் தேடி மனிதர்கள் வருவார்கள் என்பது அந்த எழுத்தாளர்களுக்குப் புரிந்திருந்தது. உங்களிடம் அந்த விதிகள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று பேரை வாசலில் நிறுத்துங்கள்: தண்ணீருக்குச் சண்டை போடும் இரண்டு கிராமத்துத் தலைவர்கள், மகனுக்கு மன்னிப்புக் கேட்கும் ஒரு தாய். எந்த ஸ்பெல்லும் இதற்குத் தீர்ப்புச் சொல்லாது.

## "விஷ் வந்துவிட்டது, இனி என்ன செய்வது?"

பயப்படாமல் விதியைப் படியுங்கள். எட்டாம் நிலை வரையான எந்த ஸ்பெல்லையும் நகலெடுக்க விஷ்ஷைப் பயன்படுத்தினால் பின்விளைவு இல்லை. அதைத் தாண்டிக் கேட்டால் ஸ்ட்ரெங்த் (உடல்பலம்) 3க்கு இறங்கும், 2டி4 நாளுக்கு. அடுத்த லாங் ரெஸ்ட் வரை போடும் ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் அதன் நிலைக்கு ஒரு டி10 வீதம் தனக்கே சேதம். நூறில் 33 வாய்ப்பு, வாழ்நாளில் மறுபடி விஷ் போடவே முடியாது.

வார்த்தையில் ஓட்டை பிடித்து ஆசையைக் கெடுப்பதை நான் விட்டுவிட்டேன். அப்படிச் செய்கிற டிஎம்மிடம் ஆடுகிறவர்கள் வக்கீல் பத்திரம் மாதிரி ஆசை எழுதி வருவார்கள், யாரும் மனதில் இருப்பதைக் கேட்க மாட்டார்கள். அதற்குப் பதில் செஷனுக்கு முன்பே ஆடுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் கேரக்டர் அந்த 33ஐ எதற்காகப் பணயம் வைப்பான்?" என்று கேளுங்கள். பதிலை எழுதிவைத்துக்கொண்டு சாகசத்தை அங்கிருந்து பின்னோக்கி எழுதுங்கள்.

பனிமலையில் கார்டைக் கவிழ்த்து வைத்த அதே பெண், நான்கு லெவல் கழித்து, இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் அனுப்பினாள்: இரண்டாம் லெவலில் எங்களால் காப்பாற்ற முடியாமல் எரிந்துபோன கிராமம். கடைசிச் செஷனில் அவள் அதைத்தான் கேட்டாள். நூறு பக்கப் பகடையை அவளே உருட்டினாள், 19 விழுந்தது. இனி அவளுக்கு விஷ் இல்லை. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கிணற்றடியில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள்.